ஆறு மாத்திரைகள்

பிப்ரவரி 6, புதன்

இன்று மூட்டுவாத நாள். மாதத்தின் முதல் புதன்கிழமை மட்டும் நாகர்கோவிலிலிருந்து அதற்கென்று ஒரு டாக்டர் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வருவார். எட்டு மணிக்கே மருந்து ஜன்னல் முன்னால் வரிசை நின்றது. மருந்தறையில் நான் ஒருத்திதான்.

ஷெரின் காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. நேற்று இருமல் என்று சொல்லியிருந்தாள். நாகர்கோவிலில் நர்சிங் விடுதியில் தனியாக இருக்கிற பிள்ளை. ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவில் போன் போட்டுப் பார்த்தேன். பதினோரு தடவை. மாடிப்படியில் விழுந்து கிடக்கிறாளோ, பஸ்ஸில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டேதான் மருந்து கட்டினேன்.

பன்னிரண்டரைக்கு அவளே கூப்பிட்டாள். "லேப்ல இருந்தேம்மா. போனு ரூம்ல கெடந்துது. எதுக்கு இத்தனை தடவை அடிச்சிருக்கிய?"

ஸ்தோத்திரம் சொன்னேன். அடுத்த சீட்டை வாங்கினேன்.

சாயங்காலம் சாளை மீன் குழம்பு வைத்தேன். வீட்டுக்காரருக்குக் காற்றாலையில் இரண்டாவது ஷிப்ட்.

பிப்ரவரி 7, வியாழன்

தண்ணீர் வந்தது. மூன்று நாள் துணியையும் துவைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 9, சனி

சனிக்கிழமைதோறும் மருந்தறையில் இருப்புப் பார்ப்பது வழக்கம். இன்று ஒரு சிறு வித்தியாசம். மெத்தோட்ரெக்சேட் இருபது குறைகிறது. ஃபோலிக் அமிலம் இருபது கூடுகிறது. மூன்று தடவை எண்ணிவிட்டேன். பதிவேட்டில் எங்கோ தவறாக எழுதியிருப்பேன். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக்குக் கோயிலில் பூ வைக்கிற முறை எங்களுடையது. அரளியும் நந்தியாவட்டையும் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். மார்பு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. காப்பி அதிகமாகக் குடித்துவிட்டேன் போல.

பிப்ரவரி 10, ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. பாமாலை எண்ணைச் சொன்னபோது எனக்கு இருபது என்றே காதில் விழுந்தது. அது இருபது இல்லை.

ஒழுங்காக எழுதிப் பார்த்தால் மனம் தெளியும் என்று எழுதுகிறேன். மூட்டுவாதக்காரர்களுக்கு இரண்டு மாத்திரை கொடுப்போம். மெத்தோட்ரெக்சேட் கடுமையான மருந்து. வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும். மாதத்துக்கு நான்கு. அதன் கேடு தாக்காமல் இருக்க ஃபோலிக் அமிலம், அது வெறும் சத்து மாத்திரை, ஞாயிறு தவிர தினமும். மாதத்துக்கு இருபத்து நான்கு. எங்களிடம் இப்போது இருக்கிற இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே வெள்ளி அட்டை. கவர்களின் மேல் 'ஞாயிறு மட்டும்', 'தினமும்' என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு மாத்திரையை வெட்டிப் போடுவேன்.

யாருக்காவது கவர் மாறியிருந்தால் கணக்கு சரியாக இருபதுதான் வரும்.

அப்படி நடந்திருக்காது. பதினெட்டு வருடமாக இந்த ஜன்னலில் இருக்கிறேன்.

மத்தியானம் முழங்காலில் நின்று ஒரு மணி நேரம் ஜெபித்தேன். நடுவில் எண்ணம் சிதறியதால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று தடவை இப்படி ஆயிற்று. குறையில்லாமல் ஒரு தடவையாவது ஜெபித்து முடித்தால்தான் கர்த்தர் கேட்பார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 11, திங்கள்

புதன்கிழமை அந்த மருந்து வாங்கியவர்கள் மூன்று பேர். நாசரேத் பக்கத்து வாத்தியார் ஒருவர். அவருக்குப் போன் செய்து, "சார், மருந்து ஒத்துக்கிடுதா? தினமும்னு எழுதுன கவர்ல இருக்குற அட்டையில என்ன பேரு போட்டிருக்குன்னு வாசிங்க பாப்போம்" என்றேன். சரியாகவே வாசித்தார். இரண்டாவது ஒரு பெண், அவளுடைய மருமகளும் சரியாக வாசித்தாள்.

மூன்றாவது, குட்டித்தேரி இசக்கியம்மாள். வயது அறுபத்தொன்று. பீடி சுற்றுகிறவள். விரல்கள் கோணிப்போய் இலையை மடக்க முடியாமல்தான் எங்களிடம் வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டில் இருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற மகள் பேச்சியின் நம்பர். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லையாம்.

குட்டித்தேரி இங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். மினிபஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இன்று விடுப்புச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிப் பொறுப்பில் இருக்கிற டாக்டர் சுகிர்தாவிடம் காரணம் சொல்லவேண்டும். அவர் கோபக்காரர். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரே ஒரு ஊசி மருந்தை மாற்றிக் கொடுத்ததற்காக வேலையை விட்டுப் போனார்.

ஆண்டவரே, அது இசக்கியம்மாளாக இருக்கக் கூடாது. வேறு எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

மினிபஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன். "குட்டித்தேரி இசக்கியம்மாகிட்ட சொல்லணும். மருந்துக்குத் தேதி முடியப்போவுது, மாத்திரைக் கவரை அப்படியே எடுத்துட்டு வரணும், வேற தருவோம்னு." தேதி முடியப்போகிறது என்பது பொய். ஆனால் அவள் கவரைக் கொண்டுவந்துவிட்டால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.

மிக்சி ஜார் கசிகிறது. வாஷர் வாங்கவேண்டும்.

பிப்ரவரி 13, புதன்

கண்டக்டர் பதில் கொண்டுவந்தார். "சொன்னேங்கா. மருந்து நல்லாத்தான் கேக்குதாம். கை வலி கொறஞ்சிருக்காம். மாத்த வேண்டாம்னு சொல்லிட்டாவ."

ஸ்தோத்திரம். நன்றாக இருக்கிறாள் என்றால் தவறு எதுவும் நடக்கவில்லை என்றுதானே பொருள்? என் ஜெபத்துக்குக் கர்த்தர் பதில் கொடுத்துவிட்டார். இனி இதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

கை வலி குறையத்தான் செய்யும். தினமும் தின்றால் வேகமாகவே குறையும்.

பிப்ரவரி 15, வெள்ளி

உபவாசம். மூன்றாம் நாள். மருந்தறையில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று மூச்சு முட்டியது. கை விரலெல்லாம் மரத்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டெல்லா சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "வெறும் வயித்தோட நின்னா இப்படித்தான்" என்று மோர் கொடுத்தாள். குடிக்கவில்லை. உபவாசத்தை முறித்தால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம்.

ராத்திரி வீட்டில் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டார். "ஏட்டி ரூபா, மூணு நாளா பச்சத்தண்ணியில நிக்க. யாருக்காவ ஜெபிக்க? பிள்ளைக்கு ஒண்ணுமில்லல்லா?"

"பொதுவாத்தான்" என்றேன்.

நாளைக் காலை மினிபஸ்ஸில் போகலாம் என்று நினைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 16, சனி

போகவில்லை. இருப்பு எண்ணவும் இல்லை.

பிப்ரவரி 17, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதப் பலம் இல்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

மூன்று மணிக்குப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். ஜெபக்குறிப்புகளை ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்திக்கு மகன் வேலை, ஒருத்திக்கு மருமகள் பிரசவம். குட்டித்தேரியில் கட்டிக்கொடுத்த லீதியாள் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் எழுந்து, "எங்க பக்கத்து வீட்ல இசக்கியம்மான்னு ஒரு அக்கா. நம்ம சபை இல்ல. மூணு நாளா வாயெல்லாம் வெந்து புண்ணாப் போய்க் கெடக்காவ. தண்ணிகூட எறங்கல. எச்சில்ல ரத்தம் வருது. தனியா இருக்காவ, பாவம். அவியளுக்காவ ஜெபிங்க" என்றாள்.

தலைவி என்னைப் பார்த்தார். "ரூபவதி, நீ ஜெபி."

எப்போதும் என்னைத்தான் சொல்வார்கள். நன்றாக ஜெபிக்கிறவள் என்று பெயர். எழுந்தேன். கண்ணை மூடினேன். "அன்புள்ள ஆண்டவரே" என்றேன். அதற்குமேல் வரவில்லை. எல்லோரும் தலைகுனிந்து காத்திருந்தார்கள். இத்தனை நாள் அவரிடம் நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அவள் பிழைக்கவேண்டும் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அது அவளாக இருக்கக் கூடாது என்று மட்டும்தான் கேட்டேன்.

கண்ணைத் திறந்து, "நான் போகணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். செருப்பு போட்டேனா என்று தெரியவில்லை. வீட்டில் அவர் பனியனோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். இசக்கியம்மாளுக்கு மருந்து மாறிவிட்டது என்று மட்டும்தான். சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

இசக்கியம்மாள் பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு இரண்டும் வெடித்துக் கறுத்திருந்தது. உடம்பு கொதித்தது. முழங்கையில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். வாய் திறக்கவில்லை. சாமி படத்துக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கவர்கள். 'தினமும்' என்று என் கையெழுத்து. உள்ளே மெத்தோட்ரெக்சேட். பதினைந்து மீதி. ஒன்பது தின்றிருக்கிறாள்.

ஆட்டோ பிடித்து எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் சுகிர்தா முன்னால் கவரை வைத்தேன்.

"மாத்திக் குடுத்துட்டேன், டாக்டர்."

"எப்ப தெரிஞ்சுது?"

"சனிக்கிழமை இருப்புப் பாக்கும்போது."

அவர் நேற்று என்று எடுத்துக்கொண்டார். உடனே பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். மருந்தின் கேட்டை முறிக்கிற ஊசி இங்கே இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம்.

எந்தச் சனிக்கிழமை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, திங்கள்

பாளையங்கோட்டை. வெள்ளை அணு மிகக் குறைவு. தட்டணு பதினெட்டாயிரம், ஒன்றரை லட்சமாவது இருக்கவேண்டும். தனி அறையில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது.

லீதியாள் எங்கிருந்தோ பேச்சியின் புது நம்பரை வாங்கிக் கொடுத்தாள். நான்தான் பேசினேன். மருந்து மாறிவிட்டது என்றேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 19, செவ்வாய்

பேச்சி வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும். பையைக் கீழே வைக்காமலே என்னிடம் வந்தாள். "நீங்கதானா? அம்மா என்கிட்ட போன்ல என்ன சொன்னா தெரியுமா? மிஷன் ஆஸ்பத்திரியில ஒரு அக்கா அன்பாப் பேசி மருந்து குடுக்கும்னு சொன்னா."

அவள் பையை வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை.

பிப்ரவரி 21, வியாழன்

காய்ச்சல் நூற்று நான்கு. இன்றும் நாளையும் தாண்டவேண்டும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். பழைய பழக்கம், வரிசையாக வார்த்தைகள் வந்தன. 'உம்முடைய ஊழியக்காரி', 'உமது கிருபையால்'. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் பொய்யாக ஒலித்தது. நிறுத்திவிட்டேன். அவளைச் சாகவிடாதேயும். அவ்வளவுதான் சொன்னேன்.

பிப்ரவரி 22, வெள்ளி

காய்ச்சல் நூற்றிரண்டு.

பிப்ரவரி 23, சனி

ஆஸ்பத்திரி நிர்வாகிகள் மூன்று பேர் என்னை விசாரித்தார்கள். டாக்டர் சுகிர்தா எனக்காகப் பேசினார். அவர் அப்படிப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "தப்பு நடந்தது நிஜம். ஆனா தெரிஞ்ச மறுநாளே இவங்களே நேர்ல போய்ப் பாத்து, கூட்டிட்டு வந்து, என்கிட்ட ஒப்புக்கிட்டாங்க. இத மறைச்சிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

எழுத்து மூலம் எச்சரிக்கை மட்டும். வேலையில் தொடரலாம். கடிதத்தில் 'உடனடியாகத் தெரிவித்த நேர்மையைக் கருதி' என்று எழுதியிருக்கிறது. அதை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் கோழி வாங்கிவந்தார். வாய்க்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 24, ஞாயிறு

குருவானவர் பிரசங்கத்தில் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். பெயர் சொல்லவில்லை. "நம்முடைய சபையில் ஒரு சகோதரி, தன் வேலையே போனாலும் சரி என்று உண்மையைச் சொன்னார்கள்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

மூச்சு வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ துணியை முறுக்கிப் பிழிவதுபோல இருந்தது. எழுந்து வெளியே ஓடி, கோயில் குழாயடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து முதுகைத் தடவிவிட்டார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டுல்லா. இன்னும் ஏன் பயப்படுத?"

அங்கேதான் அவரிடம் சொன்னேன். இருபது குறைந்தது பதினாறாம் தேதி இல்லை, ஒன்பதாம் தேதி சனிக்கிழமை என்று. எட்டு நாள் தெரிந்தே இருந்தேன் என்று. கண்டக்டரிடம் சொல்லியனுப்பிய பொய்யையும் சொன்னேன்.

அவர் குழாயைத் திறந்து என் கையைக் கழுவிவிட்டார்.

"இனி இதச் சொல்லி யாருக்கு லாபம், ரூபா? அந்தம்மாவுக்கா? ஷெரினுக்கா? நீ சனிக்கிழமைன்னுதானே சொன்ன. பொய் சொல்லலியே."

பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

பிப்ரவரி 25, திங்கள்

வேலைக்குப் போனேன். நான் கட்டிய ஒவ்வொரு மருந்தையும் ஸ்டெல்லாவிடம் காட்டிச் சரிபார்த்துக் கொடுத்தேன். வரிசையில் முணுமுணுத்தார்கள்.

தட்டணு நாற்பதாயிரம் ஆகியிருக்கிறது. காய்ச்சல் இல்லை.

பிப்ரவரி 27, புதன்

நேற்று இந்த நோட்டைத் திறக்கவில்லை. இன்று திறந்து 9ஆம் தேதியிலிருந்து வாசித்தேன். 'ஒரு சிறு வித்தியாசம்.' 'கர்த்தர் பதில் கொடுத்துவிட்டார்.' யாரும் வாசிக்காத நோட்டில்கூட நான் உண்மையை எழுதவில்லை.

அந்த முதல் புதன்கிழமையைப் பற்றியும் இப்போது எழுதிவிடுகிறேன். உதட்டில் ஜெபம் இருந்தது. கையில் அவளுடைய மாத்திரை இருந்தது. இரண்டையுமே நான் கவனிக்கவில்லை. என் ஜெபமே ஒரு பதற்றமாகத்தான் இருந்திருக்கிறது. ஷெரினுக்குப் பதினோரு தடவை போன் போட்டதுபோல கர்த்தருக்கும் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். எடுத்துப் பேசவிட்டதே இல்லை.

வீட்டுக்காரர் வேலைக்குப் போனபின், மத்தியானம், மீன் கழுவிய கையோடு அடுப்பங்கரை முக்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் போடவில்லை. தலையில் முக்காடு இல்லை. கையில் செதில் ஒட்டியிருந்தது. சத்தமாகவே சொன்னேன்:

"ஆண்டவரே, அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே நான் போயிருந்தா மூணு மாத்திரையோட நின்னிருக்கும். ஒம்பது தின்னா. மூணு என் கவனக்கொறவு. மிச்சம் ஆறும் நான் தெரிஞ்சே குடுத்தது."

சொல்லி முடித்ததும் தலையில் இடி விழும் என்று காத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. வெளியே பக்கத்து வீட்டுக்காரி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை முனகி நின்றது. நான் அங்கேயே இருந்தேன். அவரும் அங்கேயே இருந்தார் என்றுதான் எழுதவேண்டும், எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. இத்தனை நாள் மூடிய கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அவர் இந்த அடுப்பங்கரையில், இந்த நாற்றத்தில், முதலிலிருந்தே எனக்காகக் காத்திருந்தார் போல. ஆறு என்ற எண் அவருக்கு முன்னமே தெரியும். நான் சொல்லவேண்டும் என்றுதான் பேசாமல் இருந்திருக்கிறார்.

அழுதேன். படபடப்பு இருந்தது. ஆனால் மூச்சு வந்தது.

மீன் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன்.

மார்ச் 1, வெள்ளி

டாக்டர் சுகிர்தாவின் அறைக்குப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"டாக்டர், நான் சொன்னது ஒம்பதாந்தேதி சனிக்கிழமை. நீங்க பதினாறுன்னு நெனைச்சிட்டிய. நானும் திருத்தல."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எட்டு நாள். உங்களுக்காக நான் நிர்வாகத்துகிட்ட பேசினேன், ரூபவதி."

"தெரியும் டாக்டர்."

"இத நான் அவங்ககிட்ட சொல்லாம இருக்க முடியாது."

"சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

சாவிக்கொத்தை மேஜையில் வைத்தேன். பதினெட்டு வருடச் சாவி. இடுப்பில் அதன் கனம் இல்லாமல் நடப்பது ஒரு மாதிரியாக இருந்தது.

மார்ச் 2, சனி

பாளையங்கோட்டை. இசக்கியம்மாளைப் பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்திருக்கிறது. கஞ்சி இறங்குகிறது. பேச்சி கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டே இருவரிடமும் சொன்னேன். தேதிகளைச் சொன்னேன். ஒன்பதில் ஆறு எப்படி என்று சொன்னேன். கண்டக்டரிடம் சொல்லியனுப்பியது பொய் என்றும் சொன்னேன்.

பேச்சியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "எங்கம்மா ஒவ்வொரு நாளும் அதத் தின்னுக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சுதான் இருந்தியளா?"

"ஆமா."

"தெரிஞ்சே சோறு தின்னிய, தூங்குனிய, கோயிலுக்குப் போனிய?"

"போனேன். தூங்கல."

"வெளியே போங்க."

திரும்பினேன். இசக்கியம்மாள் முனகுவது கேட்டது. வாய்ப்புண் ஆறாததால் பேச்சு குழறியது. "ஏ பேச்சி... அவ கண்டக்டர்ட்ட சொல்லி விட்டா. நான்தான் வேண்டாம்னேன். வலி இல்லாம இருந்துதுல்லா."

"நீ சும்மா கெட, அம்மா!"

நான் வெளியே வந்தேன். மன்னிப்புக் கேட்கவே இல்லை என்று பஸ்ஸில் ஏறின பிறகுதான் நினைவு வந்தது.

மார்ச் 4, திங்கள்

பணிநீக்கக் கடிதம் தபாலில் வராமல் ஆளிடமே வந்தது. அவர் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். கோபம் இருக்கிறது, தெரிகிறது. ஆனாலும் சாயங்காலம் மிக்சி ஜாருக்கு வாஷர் வாங்கிவந்து மாட்டிக்கொடுத்தார்.

ஷெரினிடம் நானே சொன்னேன். அழுதாள். பிறகு, "எங்க கிளாஸ்ல இந்த மருந்தப் பத்தித்தாம்மா போன வாரம் நடத்துனாங்க" என்றாள்.

மார்ச் 6, புதன்

சாம்பல் புதன், நாற்பது நாள் நோன்பு தொடங்குகிற நாள். கோயிலில் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சங்கத் தலைவி என்னைப் பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். குருவானவர் வாசலில் கை கொடுத்தார். உடனே அடுத்தவரிடம் திரும்பினார்.

காலையில் கோயிலுக்குப் புறப்படும்போது மறுபடியும் மூச்சு முட்டியது. பழைய மாதிரி ஓடி ஓடி ஜெபிக்கவில்லை. சுவரில் சாய்ந்து, "பயமாருக்கு, ஆண்டவரே. கூட வாரும்" என்றேன். பயம் போகவில்லை. போகும்வரை காத்திராமல் நடந்தேன்.

மார்ச் 8, வெள்ளி

பதினொரு மணிக்குப் போன். தெரியாத நம்பர். பேச்சி.

"நாளைக்குள்ள நான் திருப்பூர் போகலன்னா வேலையில இருந்து எடுத்துருவானுவ. அம்மாவுக்கு இன்னும் பத்து நாளு இருக்கணுமாம். பாத்துக்கிட ஆளில்ல." குரலைத் தாழ்த்தினாள். "அம்மா உங்கள வரச் சொல்லுதா. எனக்கு இஷ்டமில்ல. வேற வழியில்லாமக் கேக்கேன். மன்னிச்சிட்டேன்னு நெனைச்சிராதிய."

"நெனைக்க மாட்டேன்" என்றேன். "எப்ப வரணும்?"

"இன்னிக்கே."

இரண்டு சேலை, ஒரு டம்ளர், சோப்பு எடுத்து வைத்தேன். அவர் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார். "சாப்பிடாமக் கெடக்காத" என்றார்.

மார்ச் 9, சனி

வார்டிலிருந்து எழுதுகிறேன். பேச்சி காலை ரயிலுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் மாத்திரை நேரங்களை ஒரு தாளில் எழுதி என்னிடம் தரவில்லை, நர்ஸிடம் கொடுத்தாள். "எல்லாம் நீங்களே குடுங்க சிஸ்டர், இவங்க கையில வேண்டாம்." சரிதான் என்று நானும் சொன்னேன்.

இசக்கியம்மாளின் வாயை உப்புநீரில் கொப்பளிக்க வைத்தேன். உடம்பு துடைத்து, சேலை மாற்றி, கஞ்சி கொடுத்தேன். மருந்து நிறுத்தியதால் கை வலி திரும்ப வந்துவிட்டது. விரல்களை என் உள்ளங்கையில் வைத்து மெதுவாக நீவிவிட்டேன். அப்போதுதான் கேட்டேன், மன்னிப்பு. பெரிய வார்த்தை எதுவும் வரவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"நீ நல்லா நீவுத" என்றாள். "நிறுத்தாத."

மத்தியானம் புது நர்ஸ் ஒருத்தி படிவத்தோடு வந்தாள். உடனிருப்பவர் பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதினாள். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

என்ன சொல்ல? வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன்.

கட்டிலிலிருந்து இசக்கியம்மாள் முந்திக்கொண்டாள். புண் உதட்டோடு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"வேண்டியவ. அப்படி எழுதிக்கிடுங்க."

நர்ஸ் எழுதிக்கொண்டு தாளை என் பக்கம் திருப்பினாள். கையெழுத்துப் போட்டேன். கோணலாக விழுந்தது.